ஆட்டத்தில் காதல் வந்துவிட்டது, ஜிஎம் என்ன செய்வது?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமைகளில் ஒரு டேபிள் நடத்துகிறேன், அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதை ஆடும் குழு. கதையை நகர்த்தும் ஜிஎம் (கேம் மாஸ்டர்) நான். ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். விதிகள் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்புதான். மந்திரத்தைக் குறைத்து, களத்தை 1748-க்கு மாற்றியிருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே, ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் கப்பல்களோடு வந்து புதுச்சேரியை முற்றுகை போடுகிறார். நம் ஆட்கள் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் சரக்கு கடத்திப் பிழைக்கும் கூட்டம்.

இப்போது பிரச்சினை. கோட்டைக்கு உளவு சொல்லும் துணி வியாபாரி ஒருவன். புதுச்சேரியில் ஒரு துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வீட்டுக் கணக்குகளைத் திருட்டுத்தனமாகப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி. இரண்டும் ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள், ஜிஎம் ஆடும் துணைப் பாத்திரம் (என்பிசி) இல்லை. முதலில் தகவல் பரிமாற்றம், அப்புறம் கிண்டல், அப்புறம் மதிலுக்கு வெளியே ஒரு தோப்பில் சந்திப்பு. யாரும் திட்டமிடவில்லை, அதுவாக வந்தது. போன செஷனில் அவன் அவள் கையைப் பிடித்தான். டேபிள் முழுக்க மயான அமைதி. ஒருவர் போனை எடுத்தார். ஒருவர் சினிமாப் பின்னணி இசையை முணுமுணுத்தார். நான் சட்டென்று பீரங்கிச் சத்தம் கேட்கிறது என்று சொல்லிக் காட்சியை மாற்றினேன்.

செஷன் முடிந்ததும் அந்தப் பெண் பாத்திரத்தை ஆடுபவர், "நல்லா போயிட்டிருந்தது, ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டார். கட்டுமரக்காரராக ஆடும் நண்பரோ, "சண்டை இருக்குன்னு சொல்லித்தானே கூப்பிட்டே?" என்றார். இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது.

காதலர்களாக ஆடும் இருவரும் இருபத்தைந்து தாண்டியவர்கள், நிஜத்தில் வெறும் நண்பர்கள். ஆனால் டேபிளில் என் சித்தி மகனும் இருக்கிறான், பத்தாம் வகுப்பு. ஆடும் இடம் எங்கள் வீட்டு ஹால். சமையலறையில் அம்மா.

முற்றுகையால் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவள் மதிலுக்கு உள்ளே, அவன் வெளியே. அடுத்த செஷனில் அவளிடமிருந்து கடிதம் வர வேண்டும். நீங்கள் எல்லாம் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

---

பகடைப்பித்தன் எழுதியது:

நேராகச் சொல்கிறேன். எங்கள் டேபிளில் காதல் கிடையாது. முதல் நாளே சொல்லிவிடுவோம். கல்யாணமானவராக வேண்டுமானால் ஆடலாம், மனைவி ஊரில் இருப்பார், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் உண்டு. லாஸ்பேட்டைப் பக்கம் முன்பு ஆடிய ஒரு குழுவில் ஒருவர் தன் பாத்திரத்தின் வாயால் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நிஜமாகவே காதலைச் சொன்னார். "நான் சொல்லலை, என் கேரக்டர் சொன்னான்" என்று ஒரு தப்பிக்கும் வழி வேறு. அந்தப் பெண் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அதன்பின் அந்தக் குழுவே இல்லை. நல்ல கேம்பைன் (வாரக்கணக்கில் தொடரும் கதை), பாதியில் போனது.

உங்கள் டேபிளில் பத்தாவது படிக்கும் பையன் இருக்கிறான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பீரங்கி வெடித்தது சரி. இன்னும் இரண்டு வெடிக்கட்டும்.

---

சுண்ணாம்பாறு எழுதியது:

பகடைப்பித்தன் அண்ணா சொன்ன அந்த ஆள் செய்தது காதல் காட்சி இல்லை. ஆட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பெண்ணைச் சங்கடப்படுத்தியது. காதலைத் தடை செய்தாலும் அந்த ஆள் வேறு வழி கண்டுபிடித்திருப்பார்.

எனக்கு ஒன்று புரிவதில்லை. கழுத்தை அறுப்பதை நாம் நிதானமாக, ரத்தம் எந்தப் பக்கம் பீய்ச்சியது என்பது வரை சொல்கிறோம். அதைக் கேட்டுக்கொண்டே பஜ்ஜி சாப்பிடுகிறோம். ஒருவன் ஒருத்தி கையைப் பிடித்தால் எல்லோரும் மின்விசிறியைப் பார்க்கிறோம். அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் முன்னால் இதுவரை எத்தனை சிப்பாய்களைக் குத்திக் கொன்றீர்கள் என்று கெடிலக்கரை யோசித்துப் பார்க்கட்டும்.

இதற்கான ஏற்பாடுகள் பழையவை. ரான் எட்வர்ட்ஸ் என்பவர் 2003-இல் தன் ஆட்டத்தின் துணைநூலில் லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ் என்று ஒன்றை எழுதினார். லைன் என்றால் அந்த விஷயம் இந்தக் கதைக்குள் வரவே வராது. வெய்ல் என்றால் கதையில் நடக்கும், ஆனால் திரைக்குப் பின்னால். நாம் விவரிக்க மாட்டோம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் 2013-இல் எக்ஸ்-கார்டு கொண்டுவந்தார். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை, யாருக்கு எது பிடிக்கவில்லையோ தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அதை நீக்கிவிட்டு மேலே போவோம்.

அரியாங்குப்பத்தில் நான் நடத்தும் டேபிளில் எக்ஸ்-கார்டு பெரிதாக வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடப் பழக்கம் உள்ள நண்பர்கள் நடுவில், எல்லோர் கண்ணும் பார்க்க, நம்மாட்கள் அட்டையைத் தொட மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துண்டுச்சீட்டு வேலை செய்தது. கேம்பைன் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு சீட்டு, பெயர் எழுத வேண்டாம், வரக் கூடாதது ஒரு பக்கம், திரைக்குப் பின்னால் போக வேண்டியது மறு பக்கம். மடித்து ஒரு டப்பாவில் போட வேண்டும். யார் எழுதியது என்று யூகிக்கவும் கூடாது. பாதியிலும் செய்யலாம், கெடிலக்கரை இந்தச் சனிக்கிழமையே செய்யலாம்.

தம்பி விஷயத்தில் மட்டும் சீட்டு, வாக்கெடுப்பு எதுவும் வேண்டாம். பதினெட்டுக்குக் கீழ் ஒருவர் டேபிளில் இருந்தால் பாலியல் உள்ளடக்கம் லைன். திரைகூட இல்லை, லைன். 2012 போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் குழந்தை. கடிதம், காத்திருப்பு, கோபம், கை பிடிப்பது வரைக்கும் போதும். ஒரு நல்ல காதல் கதைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

---

லாஸ்பேட்டை_லூசு எழுதியது:

பின்னணி இசையை முணுமுணுக்கும் ஆள் ஒவ்வொரு டேபிளிலும் ஒருவர் உண்டு. எங்கள் டேபிளில் அது நான். கேலிக்காகச் செய்வதில்லை ஐயா, கூச்சம். வாய் தானாகப் பாடுகிறது. கெடிலக்கரை அந்த ஆளைத் திட்டிவிடாதீர்கள்.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

தமிழ் வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியத்தில் அகத்திணைக்கு ஒரு விதி உண்டு: தலைவன் தலைவியை இன்னார் என்று பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது. பெயர் வந்தால் அது அகமாகாது. நம் டேபிளுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. காதல் காட்சியில் ஆட்டக்காரரின் பெயர் வரவே கூடாது. "ஏய் குமார், நீ அவளைப் பார்த்துச் சிரிக்கிறே" என்று ஜிஎம் சொன்னால் எதிரில் இருக்கும் பெண்ணைக் குமார் பார்த்துச் சிரித்ததாகிவிடுகிறது. "வியாபாரி சிரிக்கிறான்" என்றால் வியாபாரிதான் சிரிக்கிறான். சண்டையில் நாம் "நான் வெட்டுறேன்" என்று சொல்லலாம். காதலில் "அவன் சொல்கிறான்" என்று படர்க்கைக்குப் போய்விடுவது நல்லது. டேபிளில் கூச்சம் பாதி குறையும்.

இன்னொன்று, தோழி. சங்கப் பாட்டில் காதலர்கள் பேசுவதைவிடத் தோழி பேசுவது அதிகம் போலத் தோன்றும். இரவில் வராதே, வழியில் யானை இருக்கிறது என்று அவள்தான் எச்சரிக்கிறாள். கல்யாணத்துக்கு வழி பார் என்று அவள்தான் நெருக்குகிறாள். தலைவனுக்கும் பாங்கன் உண்டு, "ஒரு பெண்ணுக்காகவா இப்படி?" என்று இடித்துப் பேசுவான். உங்கள் மீதி மூன்று ஆட்டக்காரர்களும் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை என்றால் அவர்களுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். கட்டுமரக்கார நண்பர் பாங்கனாக இருந்து அவனைத் திட்டட்டும். திட்டுவதற்கு அவர் இப்போதே தயாராகத்தான் இருக்கிறார்.

ஐந்து திணையில் புணர்தல் ஒன்றுதான். பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் என்று மீதி நான்கும் சேராமல் இருப்பதைப் பற்றியது. உங்கள் களமோ கடற்கரை, ஆள் வெளியே, பெண் உள்ளே, நடுவில் பீரங்கி. நெய்தலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

---

இருபதுமுகம் எழுதியது:

ஏட்டுச்சுருள் ஐயா சொன்னது அழகு, ஆனால் பகடையை எங்கே உருட்டுவது? ஐந்தாம் பதிப்பு இந்த இடத்தில் உங்களுக்கு உதவாது. அதில் காதலுக்கு என்று இருப்பது கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) சோதனை ஒன்றுதான். அதை ஒரு ஆட்டக்காரரின் பாத்திரத்தின்மீது பயன்படுத்தினால் வம்பு. "நான் பர்சுவேஷன் 22 போட்டுட்டேன், உன் கேரக்டர் என்னை லவ் பண்ணியே ஆகணும்" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். என் டேபிளில் இதற்கு இடமே இல்லை. அடுத்தவர் பாத்திரம் என்ன உணர்கிறது என்பதை அடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

காதலை விதிக்குள் கொண்டுவந்த ஆட்டங்கள் நிறைய இருக்கின்றன. கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்ட்ராகன் 1985-இலேயே வந்தது. ஆர்தர் ராஜா காலத்து வீரர்கள். அதில் காதல், வெறுப்பு, விசுவாசம் எல்லாம் பேஷன் (தீவிர உணர்வு) என்ற பெயரில் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். நெருக்கடியில் இருபது முகப் பகடையை அந்த எண்ணுக்கு எதிராக உருட்ட வேண்டும். வென்றால் சண்டையில் பலம் கூடும், படுமோசமாகத் தோற்றால் பைத்தியம் பிடித்துக் காட்டுக்குள் ஓடலாம். வருடக் கடைசியில் குளிர்காலக் கட்டம்: கல்யாணம் ஆயிற்றா, பிள்ளை பிறந்ததா, பிழைத்ததா என்று உருட்டுவோம். அப்பன் செத்தால் மகனை ஆடுவோம். படுக்கையறை எங்கேயும் வராது, ஆனால் காதலும் வம்சமும்தான் கதையே.

எமிலி கேர் பாஸ் 2005-இல் வெளியிட்ட பிரேக்கிங் தி ஐஸ் இரண்டு பேர் மட்டும் ஆடுவது, ஒரு ஜோடியின் முதல் மூன்று சந்திப்புகள் பற்றியது. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் ஒவ்வொரு பாத்திர வகைக்கும் நெருக்கத்துக்கென்று தனி விதி இருக்கிறது. அங்கே கேள்வி என்ன நடந்தது என்பதில்லை, அதன்பின் இருவருக்கும் நடுவில் என்ன மாறியது என்பதே. தர்ஸ்டி ஸ்வோர்ட் லெஸ்பியன்ஸ் 2021-இல் வந்து நெபுலா விருது வாங்கியது, அதில் வாள்சண்டையும் காதல் பேச்சும் ஒரே காட்சி.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டார் கிராஸ்ட், 2019, அலெக்ஸ் ராபர்ட்ஸ் எழுதியது. ஒருவரையொருவர் விரும்பியும் சேரக் கூடாத இரண்டு பேர். பகடையே கிடையாது, மரக்கட்டைக் கோபுரம்தான். நெருங்கும்போதெல்லாம் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் இருவரும் மனதை அடக்க முடியாமல் வெளிப்படுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். கோபுரத்தைத் தொடப் பயந்து விரல் நடுங்கும் பாருங்கள், எந்த வசனமும் அதைத் தராது. கெடிலக்கரை, உங்கள் தோப்புச் சந்திப்புக்கு இதை அப்படியே இறக்கலாம்.

எதிர்மாதிரியும் ஒன்று உண்டு. 2003-இல் புக் ஆஃப் எராட்டிக் ஃபேன்டசி என்ற துணைநூல் டி20 விதிகளுக்காக (டி அண்ட் டி-யின் அடிப்படை விதிகள்) அறிவிக்கப்பட்டதும், டி அண்ட் டி-யை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனம் தன் டி20 முத்திரை உரிமத்தில் கண்ணியம் பற்றிய நிபந்தனையைச் சேர்த்தது. கடைசியில் அந்த முத்திரை இல்லாமலே புத்தகம் வந்தது. அட்டவணையும் மந்திரமும் நிறைய. காதல் எங்கே என்றுதான் தேட வேண்டும்.

---

உப்புக்காற்று எழுதியது:

இந்த இழையில் இதுவரை பேசாத பக்கத்தைச் சொல்கிறேன். நான் ஆட்டக்காரர் மட்டும், ஜிஎம் இல்லை.

ஆன்லைனில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரு கேம்பைனில் சேர்ந்தேன். டேபிளில் ஒரே பெண் நான். ஊருக்குள் நுழைந்தால் காவலன் என் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பான், சத்திரக்காரன் இலவச அறை தருவான், இளவரசன் மோதிரம் தருவான். மற்றவர்களுக்குப் புதையல் வரைபடம், எனக்கு மாப்பிள்ளை. எல்லா என்பிசியும் பேசுவது ஜிஎம்மின் குரலில்தானே. ஒரு கட்டத்தில் எனக்கு அந்தக் குரல் மட்டும்தான் கேட்டது. சொல்லிப் பார்த்தேன், "கதைக்காகத்தான்" என்றார். வெளியேறினேன்.

ஆகவே காதல் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால் யாரைக் கேட்டீர்கள் என்று பாருங்கள். கெடிலக்கரை கேஸில் அந்தப் பெண்ணே தனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "பெண் இருக்கிறார், அதனால் காதல் வேண்டாம்" என்று அவர் சார்பில் நீங்கள் முடிவெடுப்பதும், "பெண் இருக்கிறார், அதனால் காதல் வைப்போம்" என்பதும் எனக்கு ஒன்றுதான்.

இப்போது நான் ஆடும் கோட்டக்குப்பம் டேபிளில் என் பாத்திரம் ஒரு பெண் கொல்லர், அவளுக்கு இன்னொரு பெண்மீது காதல். முதல் நாள் ஒருவர் "ஏன் அப்படி?" என்று கேட்டார். பக்கத்தில் ஒருவருடைய வீரன் மூன்று ஊரில் மூன்று பெண்களைக் காதலித்துக்கொண்டிருந்தான், அவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஜிஎம் அதைத்தான் திருப்பிக் கேட்டார். பேச்சு அங்கேயே முடிந்தது. ஒரே பாலினக் காதல் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே 2018 செப்டம்பரில் முடித்துவைத்த விஷயம், டேபிளில் எதற்கு மறுபடி விசாரணை?

---

பகடைப்பித்தன் எழுதியது:

உப்புக்காற்று சொன்னதை ஏற்கிறேன். அந்த ஜிஎம் செய்தது அசிங்கம்.

ஆனாலும் என் கேள்வி ஒன்று நிற்கிறது. நேரம். சனிக்கிழமை கிடைப்பதே மூன்று, நான்கு மணி நேரம். ஒருவர் நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்து வருவார். அவரை முக்கால் மணி நேரம் உட்காரவைத்து இரண்டு பேர் கடிதம் படித்தால், அவருக்கு அது ஆட்டமா? கூச்சம், பண்பாடு எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள், இதற்குப் பதில் சொல்லுங்கள். தோழி, பாங்கன் எல்லாம் சரி. எல்லோருக்கும் அந்த ருசி இருக்காது.

ஒரு யோசனை: கடிதங்களை வாட்ஸ்அப்பில் அவர்கள் இருவரும் வாரநாளில் எழுதிக்கொள்ளட்டும். டேபிளில் சண்டை நடக்கட்டும்.

---

சுண்ணாம்பாறு எழுதியது:

நேரக் கேள்விக்கு முழு மதிப்பெண். வாட்ஸ்அப் யோசனைக்குப் பூஜ்யம் அண்ணா.

தனிச்செய்தியில் மட்டும் வேண்டாம். ராத்திரி பதினொன்றரைக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கியபின், ஒருவர் இன்னொருவருக்குக் காதல் கடிதம் அனுப்புகிறார். மேலே பாத்திரத்தின் பெயர் இல்லை, நிஜப் பெயரும் நிஜப் படமும்தான். நீலக் குறி விழுந்ததா, ஏன் இன்னும் பதில் இல்லை. இதில் எது ஆட்டம், எது இல்லை? பாத்திரத்தின் உணர்ச்சி ஆட்டக்காரருக்குள் கசிவதை ப்ளீட் என்கிறார்கள், மேலே வந்த அதே எமிலி கேர் பாஸ் 2007-இல் வைத்த பெயர். கசிவது தப்பில்லை, பாத்திரம் செத்தால் நாம் அழுவதும் அதுதான். ஆனால் டேபிளில் நான்கு பேர் சாட்சி இருக்கிறார்கள், செஷன் முடிந்தால் டீ குடிக்கப் போகிறோம், கசிந்தது காய்ந்துவிடும். தனிச்செய்தியில் காய இடமே இல்லை. நீங்கள் சொன்ன லாஸ்பேட்டை ஆளும் இப்படித்தான் தொடங்கியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

எழுதத்தான் வேண்டும் என்றால் குழுவில் எல்லோரும் பார்க்க எழுதட்டும். பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. டேபிளில் காட்சி ஐந்து நிமிடம், அதன்பின் வெட்டு. பசி அடங்காமல் வெட்டினால்தான் அடுத்த வாரமும் ருசிக்கும். செஷன் முடிந்ததும் எல்லோரும் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து சாதாரணமாக நாலு வார்த்தை பேசிவிட்டுக் கலையுங்கள்.

---

இழை மேற்பார்வை எழுதியது:

இங்கே ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். குறிப்பிட்ட குழுவையும் ஆளையும் அடையாளம் காட்டியதால். லாஸ்பேட்டை ஆள் யார் என்று யாரும் துப்பு துலக்க வேண்டாம்.

---

லாஸ்பேட்டை_லூசு எழுதியது:

நான் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

லூசு தம்பிக்கும் ஒரு வேலை இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் உண்டல்லவா? ராஜாவும் ராணியும் உருகிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து பார்ப்பவர்கள் சார்பில் சிரித்துவிட்டுப் போவான். அவன் சிரித்துவிட்டால் சபையில் வேறு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. முணுமுணுப்பவரிடம், காட்சி தொடங்கும்போது ஒரு முறை பாட அனுமதி உண்டு என்று சொல்லிவிடுங்கள். அனுமதி கொடுத்துப் பாருங்கள், பாட மாட்டார்.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை சில்வர் பீச்சில் தம்பி தவிர மற்ற எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். சீட்டு எழுதினோம். பாலியல் காட்சி லைன், தம்பி இருக்கும்வரை அதில் பேச்சு இல்லை. ஒரு சீட்டில் "கட்டாயக் கல்யாணம் வேண்டாம்" என்று இருந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, ஏனென்றால் துபாஷி வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் திருப்பம் ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். அது போயிற்று. யார் எழுதியது என்று தெரியாது, கேட்கவும் இல்லை.

படர்க்கையில் பேசுவது எல்லோருக்கும் பிடித்தது. அம்மா விஷயத்துக்கும் அது உதவும், "அவள் எழுதுகிறாள்" என்றால் சீரியல் கதை என்று நினைத்துக்கொள்வார். மரக்கட்டைக் கோபுரம் வாங்க ஒருவர் காசு போடுகிறார்.

நேரப் பிரச்சினைக்குக் கட்டுமரக்காரரே வழி சொன்னார். கடிதம் எப்படி வரும்? நிலத்தில் பாஸ்கவனின் படை, மதிலில் பிரெஞ்சுக் காவல். கடல் வழிதான் மிச்சம். அப்படியென்றால் அதைக் கொண்டுவருவது அவர் வேலை. தம்பியின் வைத்தியன் கூடப் போகிறான், குதிரைக்காரன் கரையில் காவல். இரண்டு கப்பற்படைகளின் கண்ணில் படாமல் ஒரு ஓலை கடலூர் வந்து சேர வேண்டும். அந்த ஓலைக்குள் காதல் மட்டுமில்லை, கோட்டைக் கொத்தளக் கணக்கும் இருக்கிறது என்று அவள் சேர்த்துவிட்டாள். ஆக, செஷனில் கடிதம் படிப்பது ஐந்து நிமிடம். கொண்டுவருவது மூன்று மணி நேரம். சண்டை கேட்டவருக்குச் சண்டை.

ஒரு விதிச் சந்தேகம் மட்டும். முற்றுகை அக்டோபரில் மழை தொடங்கியதும் விலக்கப்பட்டது. கடைசி வாரத்தில் கட்டுமரம் இறக்குகிறார்கள். அலையைத் தாண்ட டிசி (உருட்டி எட்ட வேண்டிய எண்) 15 போதுமா?

---

பகடைப்பித்தன் எழுதியது:

ஐப்பசிக் கடலுக்கு 15-ஆ? 18 போடுங்கள். ஓலை நனைந்ததா என்று தனியாக ஒரு உருட்டு. நனைந்தால் எந்தப் பாதி அழிந்தது என்று இன்னொன்று: கொத்தளக் கணக்கா, காதலா. அந்தச் சனிக்கிழமை ஒரு நாற்காலி காலியாக இருந்தால் சொல்லுங்கள், பாண்டியிலிருந்து வருகிறேன்.